கார் ஷெட்டுக்கு வந்த தாய்மாமன் சீர்

கடற்கரை மணலைக் குவித்த சிறு கைகளுக்குள் அடங்கியும், நீண்ட பிரகாரங்கள் சூழ்ந்த பெருங்கோயிலுக்குள் அடங்காமலும் இராமேசுவரத்தில் எழுந்தருளியிருக்கும் பெருமானே! அலையும் காற்றும் ஓயாமல் உப்பை அள்ளி எறியும் இந்தக் கரையில், மணலால் ஆன உன் திருமேனி மட்டும் கரையாமல் நிற்கிறது. அந்த அதிசயத்தை நினைந்து வணங்கி, சிறியேன் கட்டிய சிறு கூரை ஒன்றின் கதையைச் சொல்லப் புகுகிறேன். பெருமை சற்று மிகுந்து ஒலித்தால் பொறுத்தருள வேண்டும்.

வைகாசித் திங்கள், வளர்பிறைத் தசமி, உத்திர நட்சத்திரம் கூடிய வியாழக்கிழமை காலையில், எங்கள் வீட்டின் கீழ்ப்புறத்து வெற்றிடத்தில் முதல் மண்வெட்டி விழுந்தது. எழுப்பப் புகுந்தது வீடு அன்று, சத்திரமும் அன்று. என் மகளின் வேன் நிற்பதற்கு ஒரு கார் ஷெட். அதற்குப் போய்ப் பஞ்சாங்கம் புரட்டினேன் என்று தெருவில் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு என் மகளின் பழைய வண்டிக்கு நேர்ந்த கதி தெரியாது. அல்லது தெரிந்தும் மறந்திருப்பார்கள்.

எங்கள் வீடு உச்சிப்புளிக்குப் பக்கத்தில், இராமேசுவரம் சாலையிலிருந்து சிறிது உள்ளே தள்ளி இருக்கிறது. வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். தெற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தக் கடலின் உப்பு வரும். வாடை திரும்பிவிட்டால் இந்தக் கடலின் உப்பு வரும். ஆண்டு முழுவதும் உப்பு வராத நாளில்லை. சன்னல் கம்பியில் கைவைத்தால் விரலில் செம்பொடி ஒட்டும். பூட்டுக்கு எண்ணெய் விடாமல் வெளியூர் போனவர்கள் திரும்பிவந்து பூட்டை உடைத்துத்தான் தம் வீட்டுக்குள் நுழைவார்கள்.

எனக்கு மகள் ஒருத்திதான். படித்துவிட்டு ஓர் அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் சில காலம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "எனக்கு உக்காந்த எடத்துலயே உக்காந்திருக்க முடியலைம்மா, உக்காந்துக்கிட்டே ஊரு போகணும்" என்று சொல்லி ஓட்டுநர் உரிமம் எடுத்தாள். திருமணம் வேண்டாம் என்றாள். வேன் வேண்டும் என்றாள். இராமநாதபுரம் ரயில் நிலையத்தில் இறங்கும் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு இராமேசுவரத்திற்கும் தனுஷ்கோடிக்கும் போய்வருவது அவள் தொழிலாயிற்று. பெண் ஓட்டுகிறாளா என்று தயங்கி ஏறியவர்கள், மறுமுறை வரும்போது அவளைத்தான் தொலைபேசியில் அழைத்தார்கள். தமிழாசிரியையாக எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்யுள் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற எனக்கு, சாலையில் போகிறவர்கள் "வேன்காரம்மாவோட அம்மா" என்று அடையாளம் சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பெயரை ஒரு விருதாகவே ஏற்றுக்கொண்டேன்.

அவளுடைய முதல் வண்டி வேப்பமரத்தடியில் திறந்தவெளியில் நின்றது. மேலே பளபளப்பாகத்தான் இருந்தது. அடியில் உப்பு தின்றுகொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பின்னிருக்கையிலிருந்து மிகுந்த மரியாதையுடன் கேட்டாராம்: "ஏனுங்க அம்மிணி, பக்கத்துல இருக்கற ஜன்னலு போதாதுன்னு தரையிலயும் ஒரு ஜன்னலு வெச்சிருக்கீங்களா? ரோடு நல்லாத் தெரியுதுங்க." அவர் காலடியில் தகடு பெயர்ந்து, ஓடும் சாலை தெரிந்திருக்கிறது. அன்றோடு அந்த வண்டியின் ஓட்டம் முடிந்தது. பழைய இரும்புக்குத்தான் போயிற்று.

பிறகு அவள் அடுத்தவர் வண்டியைக் கூலிக்கு ஓட்டினாள். வங்கியில் புதிய வேனுக்குக் கடன் தர ஒப்புக்கொண்டார்கள். ஆவணி முடிவதற்குள் வண்டியை எடுத்தாக வேண்டும், தவறினால் அந்த அனுமதி செல்லாது. கடிதம் வந்த அன்று அவள் மகிழ்ச்சியாகத்தான் இருந்தாள். ஆனால் சோற்றில் கைவைத்தபடி சொன்னாள்: "அம்மா, கூரை இல்லாம புது வண்டிய இந்தக் காத்துல கொண்டாந்து நிறுத்த மாட்டேன். ஷெட்டு நின்னா வண்டி வரும். நிக்கலைன்னா நான் கூலிக்கே ஓட்டிட்டுப் போறேன்."

என் ஓய்வூதியச் சேமிப்பு இருந்தது. நேரம்தான் குறைவு. "நான் நிறுத்தித் தாரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கொத்தனார் வந்து நீள அகலம் அளந்து, தலையைச் சொறிந்து, ஒரு தொகை சொன்னார். அவர் நல்ல மனிதர். சொன்னது பொய்த்தொகையும் அன்று. ஆனால் கட்டுவதற்கான தொகையைத்தான் எவரும் சொல்வார்கள். கட்டும்போது எதிர்ப்படுவதற்கும் கட்டியபின் காப்பதற்கும் யாரும் தொகை சொல்வதில்லை. அதை நாமாகத்தான் எண்ணிக்கொள்ள வேண்டும்.

நான் எண்ணிய முறையைச் சொல்கிறேன். அதில்தான் எனக்குப் பெருமை. விடியலில் விளக்கேற்றிப் பதிகம் ஓதுவது சிறுவயது முதல் என் வழக்கம். பதிகம் என்றால் பத்துப் பாடல், அதற்கு மேல் பயன் சொல்லும் பாடல் ஒன்று. நம் கரையோரத் தலங்களின் பதிகங்களில் மலையை எடுத்தவன் நசுங்கிய கதை எட்டாவதாக வரும். அடியும் முடியும் தேடித் தோற்றவர்கள் ஒன்பதாவதாக வருவார்கள். அந்த வரிசை என் மூச்சோடு கலந்தது. ஆகவே செலவையும் தாளில் எழுதாமல் பதிகமாகவே மனத்தில் கட்டினேன். முதற்பாடல் மண்; எங்கள் இடம் தாழ்வானது, மேடாக்காமல் கட்டினால் ஐப்பசியில் வண்டி தெப்பமாகிவிடும். தெருவோர வாய்க்காலுக்கு மேலே வண்டி ஏறிவரச் சிறு பாலம் ஒரு பாடல். கொத்தனார் அதை நினைக்கவே இல்லை. ஷெட்டைக் கட்டிவிட்டு வண்டியைத் தூக்கியா உள்ளே வைப்பது? இரும்பு உருட்டுக் கதவு இந்தக் காற்றில் இரண்டு மழைக்குத் தாங்காது என்பதால் மரக்கதவும் பித்தளைக் கீலும் ஒரு பாடல். மின்விளக்கு, வீட்டு வரி ஏறுவது, ஆண்டுதோறும் வண்ணம் எல்லாம் இடையில் வந்து அமர்ந்தன. எட்டாவது, தலைமேல் ஏறும் பாரம், அதாவது தளம். தகரம் போட்டால் மலிவு, ஆனால் தகரத்துக்கே ஒரு கூரை தேவைப்படும். ஒன்பதாவது, தோண்டும்போது கீழேயும் எழுப்பும்போது மேலேயும் வெளிப்படக்கூடியவை. பத்தாவது, இடையில் ஏறும் விலைவாசி.

பதினோராவதாகவும் ஒரு தொகையை ஒதுக்கிவைத்தேன். மகள் கேட்டாள்.

"அது எதுக்கும்மா?"

"காணாததுக்கு."

"அதான் ஒம்பதாவதுலயே மேலயும் கீழயும் வச்சுட்டியே. இன்னும் என்ன காணாதது? காணாததுக்கு எப்பிடிம்மா கணக்குப் போடுறது?"

"காணாதவனையே பதிகம் பதிகமாப் பாடி வச்சிருக்காகடி. காணாத செலவுக்கு ஒரு பாட்டுப் போதாதா?"

"ஒன்னோட பேசி செயிக்க முடியுமா" என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போய்விட்டாள்.

இந்தப் பதிகத்தில் நானாகக் கண்டுபிடிக்காத பாடல் ஒன்று உண்டு. அதை எனக்குத் தந்தவள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் கணவர் துபாயில் நெடுநாள் இருந்து திரும்பியவர். சில ஆண்டுகளுக்கு முன்பு காருக்கென்று அழகான ஷெட் கட்டினார்கள். இப்போது கார் தெருவில் நிற்கும், ஷெட் காலியாக இருக்கும். நான் காரணம் கேட்டேன். அவள் என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் அண்ணாந்து பார்க்கச் சொன்னாள். தளத்தின் அடிப்புறம் பாளம் பாளமாகப் பெயர்ந்து, உள்ளிருந்த கம்பிகள் துருவேறிப் பருத்துத் தொங்கின.

"பாத்தீகளா டீச்சர்க்கா? போர் தண்ணியிலயே கலவை போட்டுட்டாக. உப்புத் தண்ணி. கம்பி உள்ளுக்குள்ளயே துருப்பிடிச்சு வீங்கி வெடிக்குது. ஒருநா பாளம் ஒண்ணு கார் கண்ணாடியில விழுந்துச்சு. காரைக் காப்பாத்த ஷெட்டுக் கட்டுனோம். இப்ப ஷெட்டுக்கிட்டேருந்து காரைக் காப்பாத்திக்கிட்டு இருக்கோம். அல்லா போதும்னு சொல்ற வரைக்கும் நீங்க நல்ல தண்ணியைத் தவிர வேற எதையும் சிமெண்டுல ஊத்த விடாதீக."

நான் கொத்தனாரிடம் சொன்னபோது, "டீச்சரம்மா, இங்கன எல்லாரும் போர் தண்ணியிலதான் கட்டுறாக. நம்மளுக்கு மட்டும் என்ன?" என்றார். எல்லாரும் குளிக்கிற தண்ணீரில் என் சுவர் குளிக்காது என்று சொல்லிவிட்டேன். லாரியில் விலைக்கு வரும் நன்னீர் என் பதிகத்தில் ஏழாம் பாடலாகப் புகுந்தது.

வானம் தோண்டினார்கள். எங்கள் பக்கத்தில் அடித்தளக் குழிக்கு வானம் என்றுதான் பெயர். தோண்டிய இடத்தில், மறந்துபோன பனை ஒன்றின் அடிக்கட்டை வேரோடு படுத்திருந்தது. அதை எடுக்கவே தனியாக ஆளும் கூலியும் ஆயின. கொத்தனார் எப்படிச் சொல்வது என்று தயங்கி நின்றார். "ஒன்பதாவதுல இருக்கு, எடுங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தூண்கள் எழுந்தன. சிமெண்டு விலை ஏறியது. அதற்கும் இடம் இருந்தது. ஒவ்வொரு செலவு வரும்போதும் அதற்குரிய பாடல் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருப்பதைக் கண்டு, ஓதி முடித்ததும் பிறக்குமே, அந்த நிறைவு எனக்கு வந்தது. பதினோராவது தொகையைத் தொடாமலேயே தளம் போடும் நாளை எட்டிவிட்டோம்.

அது ஆனி மாதத்து வளர்பிறை நாள். என் உடன்பிறந்த தம்பி முதுகுளத்தூர்ப் பக்கத்தில் மிளகாய் விவசாயம் செய்பவன். வாரத்தில் ஒருநாள் பேசிக்கொள்வோம். அந்த வாரம், "நல்ல நாள் பாத்துத் தளம் போடுறோம்டா" என்று மறவாமல் முறையாகத்தான் சொன்னேன். "சரிக்கா, வாரேன்" என்றான். அவ்வளவுதான்.

அன்று காலையில் கலவை மிஷின் முழங்கத் தொடங்கியது. ஏணி வரிசையில் சட்டிகள் கைமாறி மேலே ஏறின. தளம் போடும் நாளில் வேலைக்காரர்களுக்குக் கறிச்சோறு போடுவது ஊர்வழக்கம். எங்கள் வீட்டில் கறி புழங்குவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி, "அந்தக் கவலை ஒங்களுக்கு எதுக்கு? எங்க வீட்டு அடுப்பு எதுக்கு இருக்கு?" என்று அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். எல்லாம் பதிகத்தின்படி நடந்துகொண்டிருந்தது.

அப்போது தெருமுனையில் நாயனச் சத்தம் கேட்டது. யார் வீட்டுக் கல்யாணமோ என்று எட்டிப் பார்த்தேன். ஒரு மேளம், ஒரு நாயனம்; பின்னால் தட்டு ஏந்திய பெண்கள்; தட்டுகளில் வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை, பட்டுச்சேலை, வெல்லம். நடுவில் வெள்ளை வேட்டி சட்டையில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் தம்பி. இரண்டு வேன் நிறையச் சொந்தக்காரர்களை இறக்கியிருக்கிறான். ஒரு கார் ஷெட்டுக்குத் தாய்மாமன் சீர் வருகிறது! மிஷினைச் சுற்றி நின்ற சித்தாள்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ஏலே, என்னடா இது? வண்டி நிறுத்துற கொட்டகைக்குச் சீரா?"

அவன் சிரிக்கவில்லை. தட்டுகளை இறக்கச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து சொன்னான்:

"அக்கா, ஒம் மக கல்யாணத்துக்குச் சீர் செய்யணும்னு நான் சேத்து வச்சது எனக்குத்தான் தெரியும். அவ வேணாம்னுட்டா. அது அவ இஷ்டம், நான் குத்தம் சொல்லலை. ஆனா நான் எப்பக்கா மாமனா வந்து நிக்கிறது? இந்த வண்டிதான அவளுக்கு எல்லாம்? அதுக்கு வீடு கட்டுற, நல்ல நாளுன்னும் சொல்ற. நான் வெறுங்கையோட வருவேனா?"

 மேலே தலையில் துணி கட்டி, கம்பிகளுக்கிடையே நின்று கலவையை ஒதுக்கிக்கொண்டிருந்த மகள், எல்லாவற்றையும் கேட்டபடி கையில் கரண்டியோடு அசையாமல் நின்றாள்.

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. தம்பி தன் வண்டியிலிருந்து இரண்டு பெரிய பிளாஸ்டிக் கேன்களை இறக்கினான். விடியற்காலையிலேயே இராமேசுவரம் போய், அக்கினி தீர்த்தத்தில் முழுகி, கடல்நீரை மந்திரம் ஓதி முகந்து வந்திருக்கிறான். மாமன் கொண்டுவந்த தீர்த்தம் தளத்துக் கலவையில் விழவேண்டுமாம். கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு நேரே மிஷினின் வாயை நோக்கி நடந்தான்.

"மாமா, ஊத்தாதீக!" மேலிருந்து மகள் அலறினாள். "மாமா, அது உப்பு!"

"தீர்த்தம் தாயி. உப்புன்னு சொல்லாத."

"தீர்த்தந்தான் மாமா, ஆனா உப்புத் தீர்த்தம்!"

நாயனம் நின்றுவிட்டது. கொத்தனார், "டீச்சரம்மா, மிஷினை நிப்பாட்ட முடியாது. பாதித் தளத்துல நின்னா ஒட்டு விட்டுப் போகும், சட்டுனு சொல்லுங்க" என்று பதறினார். வந்த சொந்தங்கள் அனைவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தீர்த்தத்தை வேண்டாம் என்று சொல்லப் போகிறவள் யார்? தினமும் பதிகம் ஓதுகிறவள். தம்பியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அக்கா, நீயே சொல்லு. கடல் மணல்ல புடிச்சு வச்ச லிங்கம் எத்தனை யுகமா நிக்குது? அதுக்கு ஆகாத உப்பு ஒங் கார் ஷெட்டுக்கு ஆயிருமா? நம்பிக்கை இல்லாம எதுக்கு நாள் பாத்த?"

கேள்வி நேரானது. மழுப்ப முடியாது. நான் அந்தத் திருமேனியைத்தான் நினைத்தேன். வாய் தானாகச் சொல்லிற்று:

"தம்பி, அந்த லிங்கத்துக்குள்ள கம்பி இல்லடா."

 முதலில் சிரித்தது கொத்தனார். அடுத்து பக்கத்து வீட்டு வேலியோரம் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. கேனைத் தோளிலிருந்து இறக்கினான், ஆனால் கைவிடவில்லை. அவ்வளவு தூரம் சுமந்து வந்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"இங்க பாரு," என்றேன், "அக்கினி தீர்த்தம் எதுக்கு? மனுசன் முழுகுறதுக்கு. பாவம் பண்றது நம்ம. கம்பி என்ன பாவம் பண்ணுச்சு? தீர்த்தத்தை அது சேர வேண்டிய எடத்துல சேத்துரு. உம் மருமகளைக் கூப்பிடு. அவ தலையில ஊத்து."

மகள் ஏணியில் இறங்கி வந்தாள். சிமெண்டு படிந்த கால்களோடு, தூண்களை விட்டு விலகி, வேப்பமரத்தடியில் கிழக்கு நோக்கிக் குனிந்து நின்றாள். மணப்பெண்ணுக்கு நலங்கு நீர் வார்ப்பது போலத் தம்பி கேனைச் சாய்த்தான். நாயனக்காரர் எதையும் கேட்காமல் தாமாகவே கெட்டிமேளத்தைத் தொடங்கினார். நனைந்த தலையை நிமிர்த்தி அவள், "மாமா, கண்ணு எரியுது, பாதிப் பாவம் கண்ணு வழியாவே போயிருச்சு" என்றாள். அப்போதுதான் அவன் சிரித்தான். சிரித்தபடியே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மிச்சத்தை என் தலையிலும், கேட்டு நின்ற சித்தாள்களின் தலையிலும் தெளித்தான். அதற்குள் தளம் பாதி நிறைந்திருந்தது. ஒரு துளி உப்பும் அதில் விழவில்லை.

ஆனால் சீர் கொண்டுவந்தவர்களுக்கு இலை போடவேண்டும் அல்லவா? இரண்டு வேன் சொந்தம். நாயனத்துக்கும் மேளத்துக்கும் மரியாதை. மளிகைக் கடைக்கும் காய்கறிக் கடைக்கும் ஆள் ஓடியது. மாலையில் பாத்திரங்களைக் கவிழ்க்கும்போது பதினோராவது தொகை பாயசத்தோடு பரிமாறப்பட்டுவிட்டது. காணாததற்கு என்று வைத்தேன். கண்கொள்ளாக் காட்சியாக வந்து போயிற்று. எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் மறுநாள் காலையில் வந்தது. கொத்தனார் தளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனிமே தண்ணி கட்டி வைக்கணும் டீச்சரம்மா. தளம் காயாம ஈரத்துலயே கெடந்தாத்தான் கெட்டிப்படும். போர் மோட்டாரைப் போட்டு விடவா?" என்று கேட்டார். என் ஏழாம் பாடல், கலவைக்கான நன்னீரோடு முடிந்திருந்தது. தளம் நாள்தோறும் குடிக்கும் நீரை நான் எண்ணவே இல்லை. லாரித் தண்ணீர் வாங்கக் கையில் இருப்பு இல்லை. உப்பு நீரைத் தேக்கினால் அது மெல்ல இறங்கிக் கம்பியைத் தேடிப் போகும். ஊற்றாமல் விட்டால் கச்சான் காற்றில் தளம் வெடித்துப் போகும். அது வெடித்தால் கூரை இல்லை. கூரை இல்லையேல் மகள் வண்டி எடுக்க மாட்டாள். எல்லாம் சரியாக வைத்தேன் என்று நிமிர்ந்திருந்த என் தலை சற்றுத் தாழ்ந்தது.

சொந்தங்கள் எல்லாரும் முந்திய மாலையே கிளம்பியிருந்தார்கள். தம்பி மட்டும் தங்கியிருந்தான். காப்பிக் குவளையோடு தளத்தின் மேலே ஏறிச் சுற்றிப் பார்த்தவன், கீழே எட்டிக் கேட்டான்:

"அக்கா, இதுக்குத் தண்ணி கட்டணும், அவ்வளவுதான? நான் பொழப்பே அதுதான பண்றேன்?"

அவன் ஊருக்குப் போகவில்லை. மீந்த சிமெண்டை நல்ல தண்ணீரில் குழைத்துத் தளத்தின் மேலே சிறு வரப்புகள் எடுத்தான். மிளகாய்த் தோட்டத்தில் பாத்தி கட்டுவது போலவே சதுரம் சதுரமாகப் பிரித்தான். எங்கள் வீட்டுக்குச் சிறிது தொலைவில், பனந்தோப்பு மணலில் கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும் ஊற்று இருக்கிறது; கடல் இவ்வளவு அருகில் இருந்தும் அங்கே மட்டும் இனிப்பு. என் மகள் தெரிந்தவரிடம் லோடு ஆட்டோவை இரவல் வாங்கி, காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு நடை, வந்தபின் ஒரு நடை ஓட்டினாள். தீர்த்தம் வந்த அதே கேன்களைத் தேய்த்துக் கழுவி ஊற்று நீரை நிரப்பிக் கொண்டுவந்தார்கள். தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்குப் பாத்தி நீரைத் திருப்பிவிட்டான். ஆடி பிறந்து காற்று மணலை வாரி இறைத்தபோது, பாத்திகளின் மேல் வைக்கோலைப் பரப்பி நனைத்தான்.

பக்கத்து வீட்டுக்காரி மாடியிலிருந்து கேட்பாள்: "அண்ணே, அறுப்பு எப்ப?"

"ஆவணியில தாயி. ஒரு வேன் வெளையும்."

"மாஷா அல்லா. நல்ல மகசூலு!"

தொலைபேசியில் தன் மனைவியிடம் அவன் பேசியதும் என் காதில் விழுந்தது: "நம்ம மொளகாய்க்குத் தண்ணி மேகம் பாத்து வரட்டும். நான் இங்கன கார் ஷெட்டுக்குப் பாய்ச்சிக்கிட்டு இருக்கேன். ஆமா, மருமக தோட்டந்தான்." சீர் என்பது தட்டில் வந்துபோவது என்று அதுவரை நினைத்திருந்தேன். தளத்தின் மேலே குனிந்து நின்ற அந்த முதுகைப் பார்த்த பிறகு அந்தச் சொல் எனக்குப் பெரிதாகிவிட்டது.

தளத்தைத் தாங்கி நின்ற முட்டுப் பலகைகளைக் கழற்றிய அன்று கொத்தனார் கீழே நின்று கம்பால் தளத்தைத் தட்டினார். கோயில் மணியைத் தட்டினாற்போல ஒரே சீராக ஒலித்தது. வெடிப்பில்லை, கசிவில்லை. "இந்த ஏரியாவுல நான் போட்ட தளத்துலேயே இதுதாம்மா கெட்டி" என்றார். பிறகு பெருமூச்சுவிட்டு, "எங்க வீட்டுத் தளத்துக்கும் இவரைக் கூப்பிடணும்" என்றார்.

ஆவணியில், வங்கி சொன்ன கெடுவுக்கு முன்பாகவே வேன் வந்தது. வெள்ளை நிறம். என் மகள் சாலையிலிருந்து திரும்பி, வாய்க்கால் பாலத்தின் மேல் ஏற்றி, மரக்கதவுகளுக்கு முன்னால் நிறுத்தினாள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். தம்பி பித்தளைச் செம்பில் நீரோடு வந்து வண்டியின் முகப்பில் தெளிக்கக் கை ஓங்கினான். ஓட்டுநர் இருக்கையிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள்.

"மாமா, அது எந்தத் தண்ணி?"

"பயப்படாத தாயி, ஊத்துத் தண்ணிதான். நாக்குல வச்சுப் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன்."

வண்டி உள்ளே போயிற்று. பித்தளைக் கீல்கள் ஓசையின்றிச் சாத்திக்கொண்டன. நான் வாசலில் நின்று, ஓத வேண்டிய பாடல் எதுவும் நினைவுக்கு வராமல், கைகூப்பியபடி வெறுமனே நின்றேன்.

ஷெட் கட்டி முடிந்ததால் செலவு முடிந்துவிடவில்லை. வரி கூடியது. கீலுக்கு எண்ணெய், கதவுக்கு ஆண்டுதோறும் வண்ணம். தனுஷ்கோடி போய்வரும் நாளெல்லாம் வண்டியின் அடிப்புறத்தை நன்னீரால் கழுவியே உள்ளே விடவேண்டும். அந்த நீருக்கென்று தனித்தொட்டி வைத்திருக்கிறேன். கூரை இருக்கிறது என்று தெரிந்ததும் தெருவே நம்மிடம் ஏதாவது வைத்துக்கொள்ளக் கேட்கும். கல்யாணப் பந்தல் கால்கள், உடைந்த கட்டில், யாருடையதோ குளிர்சாதனப் பெட்டி. எல்லாருக்கும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். என் தம்பியின் மிளகாய் மூட்டைகளை மட்டும் சுவரோரம் அடுக்கியிருக்கிறேன். வண்டியில் ஏறும் யாத்திரிகர்கள் சில சமயம் காரணமின்றித் தும்முவார்கள். இவற்றில் முன்பு எண்ணாமல் விட்டவற்றைச் சேர்த்துப் பதிகத்தைத் திருத்திக்கொண்டேன். ஏழாம் பாடல் இப்போது நீண்டுவிட்டது.

வண்டிக்குக் கூரை எழுப்ப நினைப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், கொத்தனார் சொல்லும் தொகையோடு நின்றுவிடாமல், தளம் குடிக்கும் நீரையும் பந்தியில் அமரப்போகும் சொந்தத்தையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணியும் விட்டுப்போகும். அப்போது கைகொடுக்க ஒருவரை இறைவன் அனுப்புவான். அவர் முதலில் உப்புநீரோடு வந்தாலும் வாசலில் நிறுத்திவிடாதீர்கள்.

இதை ஓதுவோர்க்கும் கேட்போர்க்கும் நல்ல கூரை அமைக! உங்கள் கம்பிகளை உப்பு தீண்டாதிருக்க! போன வண்டி பழுதின்றி வீடு திரும்புக! தோண்டிய இடத்தில் இனிய நீர் ஊறுக! உங்கள் பெண்மக்கள் விரும்பிய சாலையில் அச்சமின்றிச் செல்க! அவர்களுக்காக வரப்புக் கட்டி நீர் பாய்ச்சும் உறவு ஒவ்வொரு வீட்டிலும் நீடூழி வாழ்க!